சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

மார்ச் 4
ஆஸ்பத்திரி மென்பொருளில் இன்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். நோயாளியின் பதிவில் 'மருந்து ஒவ்வாமை' கட்டம் காலியாக இருந்தால் இனி டேட்டாபேஸ் அதை வாங்கிக்கொள்ளாது. கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். எங்கள் மேனேஜர் 'தலை'க்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 11
காலிக் கட்டம் பூஜ்யம்! ஆஸ்பத்திரியிலிருந்து பாராட்டி மெயில். தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 19
அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அதே ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். பதிவு செய்யக் கூடப் போனேன். கவுன்ட்டர் பெண் பெயர் கேட்டாள், வயது கேட்டாள். ஒவ்வாமைக் கட்டம் வந்ததும் வாயே திறக்கவில்லை. கை தன்பாட்டுக்கு 'இல்லை' என்று அடித்தது. அக்காவுக்குப் பென்சிலின் ஆகாது. சின்ன வயதில் முகம் வீங்கி மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தவள் நான்.

"ஏங்க, கேக்கவே இல்லையே?"

"எதையாவது அடிச்சாத்தான் மேடம் சேவ் ஆகுது. க்யூ வாசல் வரைக்கும் நிக்குது பாருங்க. எந்தப் புண்ணியவான் செஞ்சு வச்சானோ!"

அந்தப் புண்ணியவதி நான்தான். அக்காவுடையதைத் திருத்த வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு: மத்தவங்க? முன்னாடி காலியா இருந்தா நர்ஸாவது கேட்டிருப்பாங்க. இப்ப 'இல்லை'ன்னு இருக்கு — யார் கேப்பாங்க?

மார்ச் 20
தலையிடம் சொன்னேன். 'கேட்கவில்லை' என்பதையும் ஒரு பதிலாக ஏற்க வேண்டும். பதிவு நடக்கட்டும், ஆனால் யாராவது கேட்டு நிரப்பும்வரை மருந்து எழுதும் திரை திறக்கக் கூடாது. அவசரமென்றால் டாக்டர் மட்டும் தாண்டலாம். நான்காம் தேதியிலிருந்து அடித்த 'இல்லை' எல்லாம் 'கேட்கவில்லை' ஆக வேண்டும்.

"பூஜ்யம்னு பேர் வாங்கியாச்சு. இப்ப அத்தனையும் கேக்கலைன்னு காட்டினா என் மானம் என்னாகும்?"

"எங்கக்கா அங்க படுக்கப் போறா சார்."

தலை திறந்து வைத்திருந்த பாராட்டு மெயிலை மூடினார். "சரி, போடு."

மார்ச் 21
போட்டாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து தலைக்குச் செம டோஸ்.

மார்ச் 25
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா கண் விழித்ததும் முதல் புகார்: "ஊசி போட வர்றவங்கல்லாம், எழுதியிருந்தும், என்ன மருந்து ஆகாதுன்னு கேக்கறாங்கடி. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

பிறகு பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். "அந்தம்மா போன வாரமே வந்து சேர்ந்தவங்க. அவங்களுக்கும் பென்சிலின் ஆகாதாம். நாலு நாள் முன்னாடிதான் முதல் தடவையா கேட்டாங்களாம்."

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அதுவரை அவருடைய கட்டத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.