அங்கே இல்லாத மான்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அதில் எனக்கே சந்தேகம் இருப்பதால் உன் சௌக்கியத்தை முதலில் கேட்டுக்கொள்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "சாப்பிட்டேம்மா" என்று நீ சொல்லும் வேகத்தை நான் நம்புவதில்லை.

வடக்கே இருக்கும் அந்தத் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தோம். உன் தம்பி லீவு போட்டுக் கூட்டிப்போனான், அவன் பெண் வாண்டுவும் கூட வந்தாள். புறப்படும்போதே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. காலமெல்லாம் பஸ் ஓட்டிய உன் அப்பா, வேறு யார் ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிற மனுஷன், "நீயே ஓட்டுப்பா, எனக்குக் கால் வலிக்குது" என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டார். உன் தம்பிக்கு வாயெல்லாம் பல். இவருக்கு என்றைக்குக் கால் வலித்தது?

பூங்காவுக்குள் திறந்த ஜீப்பில் போனோம், குளிரில் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வழிகாட்டியாக வந்த பெண், யாரும் சத்தம் போடக்கூடாது, எதையாவது பார்த்தால் கையை மட்டும் காட்டுங்கள் என்றாள். ஏரிக்கரையில் அவள் வண்டியை நிறுத்தியதும், சொல்லிவைத்த மாதிரி ஒரு கரடி தண்ணீர் குடிக்க வந்தது. தினமும் தீனி போட்டுப் பழக்கி வைத்திருக்கிறார்களோ என்று அவள் மேல் சந்தேகப்பட்டுத் திரும்பினேன், அப்போதுதான் உன் அப்பாவைக் கவனித்தேன். நாங்கள் எல்லோரும் கரடியைப் பார்க்க, அவர் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாண்டு கை காட்டிய பிறகு அந்தப் பக்கம் திரும்பி "அடேயப்பா" என்றார். நரி வந்தபோதும் அப்படித்தான், எங்கள் தலை திரும்பிய பிறகுதான் அவர் தலை திரும்பியது. முன்பெல்லாம் பயணம் போனால் மரத்தில் இருக்கும் ஆந்தையைக்கூட முதலில் பார்ப்பது அவர்தானே. மெல்ல அவர் காதருகே போய், "ஏங்க, அந்தச் சரிவுல மான் நிக்குது பாருங்க" என்றேன். "நான் அப்பவே பார்த்துட்டேன், கொம்பு என்னமா விரிஞ்சிருக்கு!" என்றார். அந்தச் சரிவில் பனியைத் தவிர ஒரு புதர்கூடக் கிடையாது. வாண்டு எட்டிப் பார்த்து "ஒண்ணுமே இல்லையே தாத்தா" என்றாள். நீ குள்ளம், உனக்குத் தெரியாது என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். பாவம், சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒவ்வொன்றாகப் புரிகிறது. பேப்பரில் எல்லாம் பொய் என்று பிரிக்காமலே ஓரமாக வைப்பது, டிவியை ஒட்டினாற்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வது. அதெல்லாம் போகட்டும். தினமும் காலையில் வாண்டுவைக் காரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது இவர்தான், அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. கண் டாக்டரிடம் போவோம் என்றால் "எனக்கு என்ன கேடு?" என்று எரிந்து விழுகிறார். உன் தம்பியோ, அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று சிரிக்கிறான். நான் பால்காரரிலிருந்து டாக்டர் வரை எல்லோரையும் சந்தேகப்பட்டதன் பலன், உண்மையைச் சொல்லும்போது ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கார் சாவியை என் பீரோவில் கம்பளிப் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவர் வீடெல்லாம் தேடிவிட்டு வாண்டுவை நடத்திக் கூட்டிப்போகிறார், ஆனால் உன் தம்பி ஞாயிற்றுக்கிழமை வேறு சாவி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். போனில் நீயும் அப்பாவும் குசுகுசுவென்று பேசி, நான் வந்ததும் பேச்சை மாற்றுகிறீர்களே, உனக்கு இது முன்பே தெரியுமா? தெரிந்து மறைத்திருந்தால் உன்னோடு பிறகு பேசிக்கொள்கிறேன், முதலில் அவரிடம் பேசு. நீ சொன்னால்தான் கேட்பார்.

நான் எழுதும் கடிதத்தை அவர் ஒரு வரி விடாமல் படித்து, தப்பைத் திருத்தி, அடியில் தானும் எழுதிய பிறகுதான் உறையில் போட விடுவார் என்பது உனக்குத் தெரியும். இதையும் அவர் கையில்தான் கொடுக்கப் போகிறேன். படித்தால் வீடு இரண்டாகிவிடும், கடிதம் கிழிந்து குப்பைக்குப் போகும், அப்படி நடந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. இது உன் கைக்கு வந்து சேர்ந்தால் நான் சந்தேகப்பட்டது சரி என்று தெரிந்துகொள். உடம்பைப் பார்த்துக்கொள், ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போன் பண்ண மறக்காதே.

உன் அன்பு அம்மா

மகளுக்கு ஆசிகள். அம்மா எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தேன், ஒரு தப்பும் இல்லை. பூங்கா பிரமாதம், அதிலும் அந்த மான். கார் சாவியைத்தான் காணோம். – அப்பா