புல்மோட்டை மணலில் எனக்கு முளைத்த தாடி

கிண்ணியா

அன்பு மகள் றுமானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் நோய்நொடி இல்லாமல் நடமாடித் திரிகிறோம், தோஹாவில் நீயும் மருமகன் நஸ்ரியும் இன்னும் முகம் காட்டாத எங்கள் பேரப்பிள்ளையும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். நாளாந்தம் போனில் கதைக்கிற உம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ பத்துச் சொல்வாய், அதனால்தான் எழுதி, லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிற அஷ்பாக் கொண்டுவரும் பார்சலுக்குள் வைக்கிறேன். ஜனவரியில் பிரசவத்துக்கு வரும்போது பள்ளிக்கூட வேலையை விட்டுப் பென்சனை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டாய் அல்லவா, நானும் பார்ப்போம் என்றேன். அதற்கான பதில் இதில் இருக்கிறது. அதற்கு முதல் உன் உம்மா வாங்கிக்கட்டிய வெட்கத்தைக் கேள்.

போன மாதம் புவியியல் ஆசிரியர்களுக்குப் பாறைகளைப் பற்றி ஒரு பயிற்சி நடந்தது, மண்டபத்தில் இல்லை, வெளியில், காட்டிலும் கடற்கரையிலும். கம்பஸில் விரிவுரையாளராக இருக்கிற கீர்த்தனி மிஸ்தான் வந்து படிப்பித்தார், உன் வயதுதான் இருக்கும். ஆளுக்கொரு சுத்தியல், கல்லைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு கைவில்லை, திசை பார்க்கக் கழுத்தில் தொங்கவிட ஒரு கொம்பாஸ். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன், பெரிய ஆராய்ச்சிக்காரி மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டுக்கு மணி கட்டின மாதிரிக் கிடக்கு என்றார். முதல் நாள் தம்பலகாமத்தில் பற்றைக்காட்டுக்குள் இருக்கிற பழைய கல்லுடைத்த கிடங்கொன்றுக்குக் கூட்டிப் போனார்கள். பாறையில் வரிவரியாக ஓடுகிற பட்டைகள் எந்தத் திசைக்குப் போகின்றன என்று பார்க்க வேண்டும். எல்லாரும் வடகிழக்கு என்றார்கள், என் கொம்பாஸ் மட்டும் தெற்கு என்றது. நான் விடுவேனா, உங்கள் கொம்பாஸ்கள் எல்லாம் பழுது என்றேன். வானம் மூடிக் கிடந்ததால் சூரியனைக் காட்டி என் வாயை அடைக்கவும் ஒருவருக்கும் வழியில்லை. லுஹர் தொழுகைக்குக் கிப்லாவையும் அந்தக் கொம்பாஸில்தான் பார்த்தேன், எந்தப் பக்கம் பார்த்துத் தொழுதேன் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். திரும்பும்போது குழுத்தலைவி நான்தான் என்று முன்னால் நடந்தேன். எங்களோடு பயிற்சிக்கு வந்த ஞானசேகரம் சேருக்குத் தம்பலகாமம்தான் பிறந்த இடம், அவர் பின்னால் வந்து, டீச்சர் றோட்டு அங்கால, இது காட்டுக்குள்ள போற வழி என்றார். உங்களுடையது பழக்கம் சேர், என்னுடையது விஞ்ஞானம் என்றேன். கொஞ்சத் தூரம் போனதும் வழியில் யானை இலத்தி கிடந்தது, ஆவி பறக்க. விஞ்ஞானத்தை அங்கேயே போட்டுவிட்டு நான் ஓடிய ஓட்டத்தை என் முழங்கால் வைத்தியர் பார்த்திருந்தால் இனி மருந்து தரமாட்டார்.

அடுத்த நாள் புல்மோட்டைக் கடற்கரை. அங்குள்ள கறுப்பு மணலில் இரும்பு கலந்த இல்மனைட் தாது இருக்கிறது என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன், கையில் அள்ளிப் பார்த்தது அன்றுதான். ஆசையில் கைவில்லையைப் பிடித்துக்கொண்டு மணலில் மூக்கு முட்டக் குனிந்து கிடந்தேன். நிமிர்ந்தால் எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். ஞானசேகரம் சேர் மெல்ல, டீச்சருக்குத் தாடி முளைச்சிட்டுது என்றார். தடவிப் பார்த்தேன், நாடிக்குக் கீழே கறுகறுவென்று மணல் கொத்தாகத் தொங்குகிறது. ஹிஜாபுக்கு ஊசி குத்தினால் துணி கிழியும் என்று நீ அனுப்பினாயே காந்தப் பின், அதில்தான் அவ்வளவும் ஒட்டியிருந்தது. கீர்த்தனி மிஸ் உடனே கொம்பாஸைக் கழற்றித் தூரப் பிடிக்கச் சொன்னார், முள் ஒழுங்காக வடக்கைக் காட்டியது. என் கண் பார்வைக்கு நான் அதைக் கழுத்தோடு அணைத்துப் பிடித்துத்தான் வாசிப்பேன், முள் பாவம் வடக்கை விட்டுவிட்டு உன் பின்னைத் தேடித் திரும்பியிருக்கிறது. அவ்வளவு பேருக்கு முன்னால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முதலில் நானே சிரித்தேன். பின்னேரம் ஒவ்வொருவரும் என்ன படித்தோம் என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் பெரிய பெரிய விஷயம் சொன்னார்கள், நான் தாடிக் கதையை யானை இலத்தியிலிருந்து தொடங்கிச் சொன்னேன். சொல்லி முடிய ஒரு புதினம் நடந்தது மகள். அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஆசிரியர்கள், எங்களுக்கும் இந்தக் கொம்பாஸ் பிடிக்கத் தெரியாது, கேட்க வெட்கமாக இருந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். போகும்போது கீர்த்தனி மிஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, மார்ச்சிலிருந்து மூதூர், திரியாய்ப் பக்கத்து ஆசிரியர்களுக்கும் இதே பயிற்சி நடக்கப்போகுது, நீங்கள் என்னோட நிக்க வேணும், உங்களிட்ட கேக்க ஆக்கள் பயப்படமாட்டினம் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீடு என்றது வாப்பாவை இல்லை, உன்னைத்தான்.

உண்மையைச் சொல்கிறேன் மகள், இந்தப் பயிற்சிக்குப் போயிருக்காவிட்டால் நீ கேட்டதற்கு ஓம் என்று சொல்லியிருப்பேன். உன் மேல் உள்ள பாசத்தால் மட்டும் இல்லை. பென்சன் எடுத்த பிறகு இங்கே என்னை யார் தேடப்போகிறார்கள் என்ற பயம் உள்ளே இருந்தது. அந்தப் பயத்தோடு வந்து குந்தியிருந்தால் அதை உன் குசினியில்தான் காட்டியிருப்பேன், உப்புக் கூடிப்போச்சு, சட்டி சரியாகக் கழுவவில்லை என்று. ஆகையால் ஜனவரியில் கட்டாயம் வருவேன், பிள்ளையைக் கையில் ஏந்துவேன், சரக்கு அரைத்துக் கறி வைத்துத் தருவேன், நீ உறங்க நான் விழித்திருப்பேன். நாற்பது நாள் முடிந்ததும் திரும்பிவிடுவேன். வாப்பா வேண்டுமானால் அங்கேயே நிற்கத் தயாராம், வைத்துக்கொள், ஆனால் அவருக்குத் தேங்காய் துருவவும் தெரியாது என்று மருமகனிடம் முதலே சொல்லிவை.

அல்லாஹ் உனக்கு லேசான பிரசவத்தையும் ஸாலிஹான நல்ல பிள்ளையையும் தருவானாக. இரும்புச்சத்துக் குளிசையை மறக்காதே, பாரம் தூக்காதே. இதை வாசித்ததும் உடனே போன் எடுக்காதே. அழுகை வந்தால் அழுது முடித்துவிட்டு எடு. உன் குரல் கொஞ்சம் உடைந்தாலும், ‘சரி மகள், நான் அங்கேயே நிற்கிறேன்’ என்று சொல்லிவிடுவேன், சொன்னால் நின்றும்விடுவேன்.

உன் உம்மா
பஸ்மியா