தைலம் போதும் அம்மா

மாதுங்கா,
9-10-1964

அன்புள்ள அம்மாவுக்கு விசாலம் நமஸ்காரம். நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

முடி வளர நீ அனுப்பிய தைலம் வந்தது. புற்றுநோய்க்காகத் தலையில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்து மூன்று வருஷமாகிறது. நோய் திரும்பவில்லை, முடியும் திரும்பவில்லை. வேர் கருகிவிட்டதாம், இனி முளைக்காது என்று டாக்டர் போன வாரம் சொல்லிவிட்டார்.

நேற்று ஆபீஸிலிருந்து நேராகக் கீழ்வீட்டுக் கொலுவுக்குப் போனேன். வழக்கம்போலத் தலையில் முக்காடு. ரயில் நெரிசலில் பொட்டு அழிந்துபோனதைக் கவனிக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அவர்கள் உறவுக்கார மாமி எல்லோருக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டே வந்து, என்னை மட்டும் தாண்டிப் போனாள். தலை மழித்த விதவை என்று நினைத்துவிட்டாள்.

அப்படியே இருந்தாலும் தாண்டலாமா? வந்த கோபத்தில் இருபது பெண்கள் நடுவே முக்காட்டை எடுத்துவிட்டேன். "மாமி, எங்காத்துக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கார். தலையில முடிதான் இல்லை" என்றேன்.

முதலில் யாரோ சிரிக்க, கூடமே சிரித்தது. மாமி ஓடிவந்து குங்குமம் இட்டாள். பூவை எங்கே வைப்பதென்று தவித்தாள். கையை நீட்டினேன், மணிக்கட்டில் சுற்றிவிட்டாள். அப்புறம் நான்தான் பாடினேன். இன்று முக்காடு இல்லாமலே ஆபீஸ் போய் வந்தேன்!

தபாலில் சேர்க்க இவர் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். இனித் தைலம் வேண்டாம். நேந்திரங்காய் வறுவல் அனுப்பு. இல்லாவிட்டால் நீயே வா. வந்து, வெறும் கையால் என் தலையை ஒரு தடவை தடவிக்கொடு.

விசாலம்