தங்க நூலில் ஒரு பெயர்

3 பெப்ரவரி 1987
மதாம் ஜிஸ்லேனின் பட்டறைக்கு இன்று பழைய அராபியக் குதிரைச் சேணம் ஒன்று வந்தது. சிவப்பு வெல்வெட் முழுக்கத் தங்க நூல் வேலை. கால் வைக்கும் அங்கவடிகளில் வெள்ளித் தகடு, மார்புப் பட்டையில் பவளம். குதிரை வேர்த்த உப்பு இன்னும் அடித்தோலில் இருக்கிறது. அறுந்த நூல்களைத் தைப்பது என் வேலை.

6 பெப்ரவரி
சேணத்தின் மடிப்புக்குள் அரபு எழுத்து, அதுவும் தங்க நூலில். பார்த்து எழுதிக்கொண்டு வந்து, லா சப்பலில் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் இருக்கும் அல்ஜீரியக் கிழவர் இத்ரிசிடம் காட்டினேன். "தையப், பென் ஐசாவின் மகன். உயிரோடு திரும்பி வரட்டும்" என்று வாசித்தார். தாயோ மனைவியோ தைத்திருக்க வேண்டும் என்றார். 

10 பெப்ரவரி
சேணத்துக்காரர் மிசியே ரேமண்ட் வந்தார். அவருடைய பூட்டனார் அல்ஜீரியச் சண்டையில் எடுத்து வந்ததாம். எடுத்து வந்ததாம்! இப்போது ஓர் இளவரசர் பரிசாகக் கொடுத்தது என்று சொல்லி விற்கப் போகிறார். பெயர் இருந்தால் சரிவராது.
"பிரித்து விடு" என்றார் மதாம், என் முகத்தைப் பார்க்காமல்.
வீட்டில் இவர் சொன்னார்: "ஆரின்ரையோ பேர். பிரிச்சுப் போட்டு வாரும். அவ வேலைக் கடிதம் தராட்டிக் வதிவிடக் கார்த் புதுப்பிக்கேலாது, தெரியுந்தானே?"
தெரியும்.

11 பெப்ரவரி
கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்தேன்.

12 பெப்ரவரி
ஓர் எழுத்தைப் பிரித்தேன். அதன் கீழே வெல்வெட் புதிதுபோலச் சிவந்து கிடந்தது.  ஊரிலை அண்ணையை ஆமி பிடிச்சுக்கொண்டு போய் இரண்டரை வருசம். பிடிபட்ட ஆக்களின்ரை ஒரு பட்டியலிலையும் அவரின்ரை பேர் இல்லை. நானே இன்னொருத்தன்ரை பேரை அழிக்கிறதோ?
எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மதாமிடம் சொன்னேன்: "என்னால் முடியாது. என் அண்ணனும் திரும்பி வரவில்லை."
அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான்.

13 பெப்ரவரி
இவர் என்னோடு கதைக்கவில்லை.

19 பெப்ரவரி
என் ஊசிப்பெட்டியை எடுக்கப் போனேன். சேணம் இல்லை.
"பிரித்தால் வெல்வெட் கிழியும் என்று ரேமண்டிடம் சொன்னேன். வேறு பட்டறைக்குக் கொண்டு போய்விட்டார்" என்றார் மதாம்.
அவர்கள் பிரிப்பார்களா என்று கேட்டேன்.
"பிரிப்பார்கள்."
பிறகு வேலைக் கடிதத்தை நீட்டினார். திங்கட்கிழமை வரச் சொன்னார். சந்தோசப்படத் தெரியவில்லை.

22 பெப்ரவரி, ஞாயிறு
அண்ணையைப் பற்றி எங்கும் எழுத வேண்டாம், ஊரில் அம்மாவுக்குக் கரைச்சல் வரும் என்று இவர் இத்தனை நாளும் தடுத்து வந்தார். இன்று அவரே மேசையைத் துடைத்துக் கடுதாசி எடுத்து வைத்தார்.
"செஞ்சிலுவைக்கு எழுதும், தில்லை. நான் பக்கத்திலை இருக்கிறன்."
முழுப் பெயர், வயது, பிடித்த தேதி. அன்று போட்டிருந்த சட்டை? நாங்கள் இருவரும் பார்த்து நிற்கத்தான் கொண்டு போனார்கள்; நிறம் என் நினைவுக்கு வரவில்லை. அழுதுவிட்டேன்.
"நீலம்" என்றார் இவர். "கோடு போட்டது."