மஹபூப் பாஷா கொடுத்த போன்

ஆம்பூர்
17.8.2008

அன்பு மகன் நெல்வினுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் பெலத்தோடு இருக்கிறோம், மஸ்கட்டில் உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, மாத்திரையை ஞாபகப்படுத்தினால் கோபம் வருகிறது. போனில் சொல்ல வாய் வராத ஒரு காரியம் இருக்கிறது, அதனால்தான் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

பின்வீட்டு நசீமுன்னிசாவின் குழந்தை ரிஹானா ஜூன் மாதம் இறந்துபோனதை உனக்குச் சொன்னேன். மூன்றரை வயது. பொங்கல் சமயத்தில் காய்ச்சல் என்று தொடங்கியது ரத்தப் புற்றுநோய் என்று ஆகி, ஐந்து மாதம் வேலூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் இங்கேயுமாக அலைந்தார்கள். குழந்தையின் அப்பா மஹபூப் பாஷா தோல் டேனரியில் லீவு கிடைக்காமல் வேலையையே விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார். போன மாதம் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் ஓர் ஏற்பாடு செய்தோம். வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய செல்போன்களைச் சேர்த்து அனுப்பினால் சென்னையில் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். டீச்சராக இருந்தவள் என்று நோட்டீஸ் எழுதும் வேலையை என்னிடம் விட்டார்கள். சிம்மை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே உருதுவிலும் எழுதவைத்து, தெருத்தெருவாக நானே ஒட்டினேன். மஹபூப் பாஷா தானாகவே வந்து கேமரா வைத்த தன் போனைக் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரிக்குத்தானா என்று இரண்டு முறை கேட்டார். “நர்சம்மாங்க என் கொழந்தைய நல்லா பாத்துக்கினாங்க டீச்சர், நம்மளால ஆனது இதுதான்” என்றார். நானும் சந்தோஷமாக வாங்கிப் பெட்டியில் போட்டேன். வேலை இல்லாத மனிதர் நல்ல போனை ஏன் கொடுக்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் நசீமுன்னிசா புர்கா கூடப் போடாமல் ஓடிவந்தாள். குழந்தையின் படம் அந்த போனில் மட்டும்தான் இருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். இரண்டு பேருமாகச் சபை ஆபீசுக்குப் போய்ப் பெட்டியைத் தரையில் கவிழ்த்துத் தேடினோம். அத்தனை போன்களுக்குள் அவள் உடனே கண்டெடுத்துவிட்டாள். சார்ஜ் ஏற்றித் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டி, “இன்னா டீச்சர், ஒண்ணும் வரல” என்றாள். என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பஜாரில் இரண்டு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அழிந்தது வராது என்றுதான் இரண்டு இடத்திலும் சொன்னார்கள். வீட்டு வாசலில் மஹபூப் பாஷா நின்றுகொண்டிருந்தார். “அந்தப் படத்த பாத்து பாத்து நீ சோறு துன்றதில்ல, அதான் குடுத்தேன்” என்று மனைவியிடம் சொன்னவர், பிறகு என்னைப் பார்த்து, “நோட்டீஸ்ல போட்ருந்துச்சே, எல்லாம் அழிக்கணும்னு” என்றார். குறையாகச் சொல்லவில்லை நெல்வின், தான் சரியாகத்தான் செய்தேனா என்று என்னிடம் கேட்கிற மாதிரி சொன்னார். நான் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை, சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

இரண்டு நாள் கழித்து அந்த போனை அவளே கொண்டுவந்தாள். “வெச்சிகினு இன்னா பண்றது, வேற கொழந்தைக்காவது ஆவட்டும்” என்று கொடுத்துவிட்டுப் போனாள். எல்லாம் சென்னைக்குப் போய்விட்டது. இன்று ஆராதனையில் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்கள், நான் தலை நிமிரவில்லை.

போன கிறிஸ்துமசுக்கு நீ லீவில் வந்தபோது புதுக் கேமராவில் தெருப் பிள்ளைகளை எல்லாம் நம் வீட்டு கேட் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தாய் அல்லவா? நசீமுன்னிசா அன்று நாம் கொடுத்த கேக்கை வாங்கிக்கொள்ள வந்திருந்தாள், இடுப்பில் ரிஹானா மஞ்சள் கவுனில் இருந்ததாக எனக்கு ஞாபகம். படத்தில் விழுந்தாளா என்று தெரியவில்லை. ஒவ்வொரு படமாக ஓரம் வரைக்கும் பார். முகம் பாதி தெரிந்தாலும் பிரிண்டு போட்டுத் தபாலில் அனுப்பு. அவளிடம் நான் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. இல்லையென்றால் இல்லை என்று எனக்கு மட்டும் எழுது, அது என்னோடு இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. படத்தை மறந்துவிடாதே.

உன் அம்மா
ஞானசுந்தரி ஜேக்கப்