எடைக்கு எடை வெல்லம்

4-7-83
சேலம் போய் வந்தோம். அண்ணனுக்குச் சர்க்கரை நோய். முப்பத்தைந்து வயது. எங்கள் அப்பாவுக்கு அது காலில் புண்ணாகத் தொடங்கியது, அவர் போனதும் அதிலேதான்.

டாக்டர் மருந்து எழுதிவிட்டு, பெஞ்சில் இருந்த சௌந்திரத்தைப் பார்த்தார். "மகளா? வயசென்ன?"

"ஒம்பதுங்க," என்றார் அண்ணன்.

"குடும்பத்துல இருக்கு. இவளை இப்படியே பெருக்க விடாதீங்க. இனிப்பைக் குறைச்சு ஓடியாட விடுங்க. வந்த பிறகு பார்க்கிறதுக்கு வராம பார்க்கிறது மேல்."

அண்ணன் லாரி முதலாளி, ஓயாமல் பேசுகிறவர். வழியில் புதுச்சத்திரம் வரும்வரை மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார்.

5-7-83
டாக்டர் சொன்னதை அண்ணன் மனைவி நங்கையாவிடம் நான்தான் சொன்னேன். அவர் மகளின் தட்டில் நெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங் கொழந்தை திங்கறது உன் கண்ணுல குத்துதா அம்முணி? மெட்ராஸ்ல இதத்தான் படிச்சுட்டு வந்தயா?"

வலித்தது. ஆனால் அவர் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பிறந்தபோது சௌந்திரம் கையில் எடுக்கவே பயப்படும் அளவு சிறிசு. பிழைத்தால் பத்து வயது வரை பங்குனி உத்திரத்துக்கு எடைக்கு எடை வெல்லம் என்று முருகனுக்கு வேண்டுதல். பிழைத்தாள். வருஷா வருஷம் தராசில் வெல்லம் கூடியது. ஊரே பார்த்தது. நங்கையாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தத் தராசுக்காகவே பிள்ளை வளர்க்கிறோமோ?

18-7-83
சௌந்திரம் அண்ணனின் புல்லட்டில் பள்ளிக்கூடம் போவது நின்றது. இட்டேரியில், இரண்டு பக்க வேலிக்கும் நடுவே, நானும் அவளும் நடை. பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, நீ போயி அப்பாவ வரச் சொல்லு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

12-8-83
ராகிக்களி. சௌந்திரம் தொடவில்லை.

3-9-83
வடக்கே போன லாரி திரும்பியது. ஹாரன் கேட்டால் மிட்டாய் வரும் என்பது அவள் கண்ட வழக்கம். இந்த முறை கூடாது என்று சொல்லியிருந்தேன்; ஆனாலும் வந்திருந்தது. அவளைத் தேடினால், லாரிக்குள், சீட்டுக்கு அடியில், இனிப்புப் பெட்டியோடு. என்னைக் கண்டதும் நடுங்கினாள்.

நடுங்கினாள் — ஒரு பால்கோவாவுக்காக.

வீட்டில் எல்லார் காப்பியிலும் சர்க்கரை. அவளுடையதில் மட்டும் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

4-9-83
"அவளுக்கு மட்டும்னா அது தண்டனை. எல்லாரும் மாறணும் அண்ணா," என்றேன்.

அண்ணன் காப்பி டம்ளரைத் தள்ளிவைத்தார். "எனக்கும் அந்தக் களியவே போடு. ஏஞ் சாமி சௌந்திரம், உனக்கும் எனக்கும் போட்டி. யாரு மொதல்ல முடிக்கறது?"

நங்கையா கீரையைத் தாளித்துக் களிக்கு அருகே வைத்தார்.

20-10-83
தார்ப்பாய் கட்டும் கயிற்றில் ஒரு துண்டு. ஒரு முனை லாரிக் கொக்கியில், மறுமுனை அண்ணன் கையில். நடுவே சௌந்திரம் குதிக்கிறாள்.

"மொதலாளி, லோடு ஏத்தப் போலாங்களா?" டிரைவர் அப்புசாமி.

"இருடா. இவ இன்னும் தோக்கலே."

4-11-83
தீபாவளி. ஆளுக்கு ஓர் அதிரசம். இரண்டாவது கேட்டது அண்ணன்தான். அவள் முறைத்தாள். கையை இழுத்துக்கொண்டார்.

9-1-84
இட்டேரியில் அவள் முன்னே. நான் மூச்சிரைத்துக்கொண்டு பின்னே.

"படிச்சவங்கெல்லாம் இப்பிடித்தான் நடப்பாங்களா அத்தை?"

இந்த வருஷம் என்னைப் பற்றி யாரும் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது.

16-3-84
கடைசி வருஷ வேண்டுதல். போன வருஷ அளவுக்கே வெல்லம் வாங்கிக் கூடையில் வைத்திருக்கிறது.

நங்கையா என் அருகில் வந்து நின்றார். "நாளைக்கு இவ தட்டு எறங்கலேன்னா ஊரு என்ன பேசும் அம்முணி?"

நான் படித்தது எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

17-3-84
முருகன் கோயில் தராசில் சௌந்திரம் ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்தாள். மறுதட்டில் அண்ணன் உருண்டை உருண்டையாக வெல்லம் வைத்தார். கூடை காலியாகும் முன்பே அவள் மேலே போய்விட்டாள்.

கூட்டத்தில் யாரோ: "என்ன கந்தவேலு, புள்ளயப் பட்டினி போடறயா? போன வருசம் இருந்த சதையெங்க?"

அண்ணன் தலை குனிந்தது. நான் வாய் திறந்தேன். அதற்குள் நங்கையா:

"பட்டினி இல்லீங்க. எம் மககூட எங்க இட்டேரில ஒரு நடை நடந்து பாருங்க. பாதில உக்காந்துருவீங்க."

சிரிப்பு. அண்ணனும் சிரித்தார். தட்டிலிருந்து சௌந்திரம் குதித்தாள்.

மிச்ச வெல்லக் கூடையை நங்கையா யாரிடமும் தரவில்லை. ஊர் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தார், பந்தயத்தில் வாங்கிய கோப்பையைப் போல.