கன்னி மூலை மண்மேடு

மார்ச் 1, சனி

காற்று. மூக்கு ஒழுகல். காலை ஏழுக்கு ரவுண்ட் ராக் வீட்டிலிருந்து கிளம்பி ஒன்பதே காலுக்கு நிலத்தில். இவரும் இவர் சிநேகிதர் முரளி அண்ணாவும் சேர்ந்து வாங்கிய நூற்றிருபது ஏக்கர். டெக்சஸில் ஊர் உலகமெல்லாம் நிலத்தில் மாடு விடும். நம் ஆட்களுக்குத் துப்பாக்கி சுடும் மைதானம். ஆயிரம் யார்டு.

மீதி வேலை:
- சுடும் மேடைக்குக் கூரை
- ஹாரன் (ஒரு தடவை அடித்தால் சுடலாம், மூன்று தடவை அடித்தால் உடனே நிறுத்தணும்)
- பதினைந்தாம் தேதி திறப்பு. முப்பது பேர். பிரியாணி ஆர்டர்
- மகள் மீனுவுக்குக் காது மூடி, சின்ன சைஸ்

குண்டைத் தடுக்கும் மண்மேடு முடிந்துவிட்டது. இருபத்தைந்து அடி. ஏறிப் பார்த்தேன். பின்னால் சரிவு, ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக, வண்டியில் இழுத்து வந்து வைக்கும் ஒரு மொபைல் ஹோம். கொடியில் குழந்தைத் துணி. செப்டம்பரில் நான் வரைபடம் போட்டபோது அது இல்லை. சத்தியமாக இல்லை.

இறங்கி வந்து இவரிடம் சொன்னேன். டிசம்பரில் வந்தார்களாம். இவருக்குத் தெரியுமாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, மேடுதான் இருக்கிறதே என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

தூறல். துணி மடிக்கவில்லை. பழைய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் நான் போட்டது வடக்குப் பார்த்து. வடக்கே சுண்ணாம்புப் பாறைக் குன்று, தானாக நிற்கிறது, எத்தனை குண்டு வந்தாலும் விழுங்கும். அப்புறம்தான் முரளி அண்ணா சென்னையிலிருந்த வாஸ்துக்காரரை வீடியோ காலில் பிடித்தார். வடக்கு குபேரன் திசை, அங்கே சுடவே கூடாதாம். கன்னி மூலை உயரமாக, கனமாக இருக்கணும்; ஈசானி மூலை பள்ளமாக இருக்கணும். ஆகவே மேடு தென்மேற்கில், மேடை வடகிழக்குப் பள்ளத்தில். வாஸ்துக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? வீடு கட்டத்தான் அவருக்குத் தெரியும். நான் சிவில் இன்ஜினியர். ரோட்டு ஓரச் சாக்கடைக்கெல்லாம் சரிவு பார்த்துப் பார்த்துப் போடுகிறவள். ஒரே சாயங்காலத்தில் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். தலையாட்டி பொம்மை.

பள்ளத்திலிருந்து மேட்டைப் பார்த்துச் சுடுவது. துப்பாக்கி வாய் வானத்தைப் பார்க்கும். இம்மி பிசகினால் மேட்டுக்கு மேலே போய்விடும். போனது எங்கே இறங்கும்? மேட்டிலிருந்து அரை மைல்கூட இல்லை அந்த வீடு.

மார்ச் 8, சனி

வெயில், நல்ல வெயில். சோதனைச் சுடல். இவரும் முரளி அண்ணாவும் ஆளுக்கு இருபது. நான் பைனாகுலர், நோட்டு. இரும்புத் தட்டில் பட்டால் டிங். மேட்டில் பட்டால் புழுதி. இரண்டுக்கும் கோடு போடுவது என் வேலை.

டிங் 31. புழுதி 7.

மூன்று தடவை கூட்டினேன். முப்பத்தெட்டுதான் வருகிறது. சுட்டது நாற்பது, காலித் தோட்டா பொறுக்கி எண்ணியாயிற்று. நீ கண்ணைச் சிமிட்டியிருப்பாய் என்கிறார் முரளி அண்ணா. இருக்கலாம். இரண்டு தடவையுமா?

சுட்டு முடித்து மேட்டில் ஏறியதும் மீனு என் பைனாகுலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, சம்படி லிவ்ஸ் தேர்," என்றாள். பன்னிரண்டு வயசு. அவளுக்குத் தெரிகிறது.

இரண்டு குண்டு எங்கே?

மார்ச் 9, ஞாயிறு

இவர் கார் கழுவும் நேரம் பார்த்து, கடை கடையாகச் சுற்றி வருவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக அங்கே போனேன். இரண்டு மணி நேர டிரைவ். கையில் மைசூர்பாக்கு டப்பா. பக்கத்து நிலத்துக்காரி, அறிமுகம் செய்துகொள்ள வந்தேன் என்று பொய்.

பெயர் கெய்லா. இருபத்து மூன்று, நான்கு இருக்கும். புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். பெண் குழந்தை, ஒரு வயசு, மேலே இரண்டு பல். கெய்லா வாய்க்கு வாய் மேம், மேம்.

வாசல் படி பக்கத்தில் நாய்க்குத் தண்ணீர் வைக்கும் தகர வாளி. காலி. நேற்றிலிருந்து ஒழுகுகிறதாம். தூக்கிக் காட்டினாள். ஒரு பக்கம் வழவழவென்று ஒரு ஓட்டை. மறுபக்கம் தகரம் வெளியே பிய்ந்த ஓட்டை.

காட்டுப்பன்றி சுடுகிறவர்கள் வேலையாக இருக்கும் என்றாள். நானும் இருக்கும் என்றேன்.

இருக்கும் என்றேன். இந்த வாயால்தான். குழந்தை அதே படியில் உட்கார்ந்து மைசூர்பாக்கை நக்கிக்கொண்டிருந்தது.

ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்று?

மார்ச் 11, செவ்வாய்

ஆபீஸில் ஒரு மீட்டிங்கும் காதில் ஏறவில்லை. சாயங்காலம் இவரிடம் எல்லாம் சொன்னேன். பழைய வாளியாக இருக்கும், பழைய ஓட்டை என்றார். கடை ஸ்டிக்கர்கூட இன்னும் கிழிக்கவில்லை என்றேன். பயந்துவிட்டார், அது தெரிந்தது. ஆனால் போன் எடுத்தது முரளி அண்ணாவுக்கு.

ஸ்பீக்கரில் முரளி அண்ணா யோசித்தது இரண்டு நிமிஷம். "சனிக்கிழமை அவங்களையே லஞ்சுக்குக் கூப்பிட்டுடலாம்மா. வீட்ல ஆளே இல்லன்னா என்ன பிரச்சனை?" டாலஸ், ஹூஸ்டன் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், இப்போது நிறுத்தினால் அசிங்கம். இந்த ஒரு தடவை. பிறகு மேட்டை உயர்த்தலாம், வாஸ்துக்காரரிடம் கேட்டுவிட்டு.

இவர் நல்ல ஐடியா என்றார். கூப்பிடும் வேலை எனக்கு.

எதிர்த்துப் பேசவில்லை. வரைந்தது நான்தானே என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். இன்ஜினியர் லைசென்ஸ் போகுமோ என்று பயம். இதையும் எழுதி வைக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

பிரியாணி கன்ஃபர்ம். தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் வாங்கணும்.

கெய்லாவுக்கு போன். குழந்தைக்குக் காது வலி, ஜுரம், மருந்து கொடுத்துத் தூங்க வைக்கணும், வர முடியாது, தேங்க்யூ மேம்.

இவரிடம் சொன்னேன். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டே, "ஜாக்கிரதையா சுடுவோம், விடு," என்றார். பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் இவர் மேல் இப்படிப் பயம் வந்ததில்லை.

தூக்கம் இல்லை.

மார்ச் 15, சனி

மேகம். காற்று தெற்கிலிருந்து. கெய்லா வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

9:20 மீனுவை மற்றப் பிள்ளைகளோடு சாப்பாட்டுக் கூடாரத்தில் விட்டுவிட்டு, ஐஸ் வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன்.

9:45 கெய்லாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். வாளி, நாற்பது, முப்பத்தெட்டு, வரைந்தது நான். என் காரில் ஏறு, குழந்தையைத் தூக்கு, மத்தியானம் வரை எங்காவது போகலாம் என்று கெஞ்சினேன். வெளுத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "திஸ் இஸ் மை ஹவுஸ், மேம். ஒய் ஷுட் ஐ லீவ்?" என்றாள். ஷெரிஃப் போலீஸுக்கு போன் போட்டாள். நாற்பது நிமிஷம் ஆகுமாம். சூறாவளி வந்தால் இங்கே எல்லாரும் செய்வதுபோல், குழந்தையோடு போய்ப் பாத் டப்பில் படுத்துக்கொண்டாள். மேலே மெத்தை.

10:12 இவருக்கு போன். பின்னால் மைக் சத்தம், சிரிப்பு. ஐஸ் எங்கே என்றார்.

"நான் கெய்லா வீட்டு வாசப்படில உட்கார்ந்திருக்கேங்க. வாளி இருந்த இடத்துல. பத்தரைக்குத்தானே முதல் ஷாட்? நீங்க சுடுங்க."

விளையாடாதே, எழுந்து வா என்றார். உள்ளே குழந்தை இருக்கிறது, நான் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். கட் ஆகிவிட்டது. இவரா, டவரா, தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், போகவில்லை.

10:24 நாய் காலடியில் வந்து படுத்திருக்கிறது. மேட்டின் பின்பக்கம் இங்கிருந்து தெரிகிறது. இவ்வளவு சின்னதா அது?

10:28 சிக்னல் இல்லை. நான் சொன்னது காதில் விழுந்ததா? விழுந்தும் முரளி அண்ணாவிடம் சொன்னாரா? முருகா. முருகா.

10:30 ஹாரன். ஒன்று.

கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு.

மூன்று.

மூன்று என்றால் நிறுத்து. குண்டுச் சத்தம் இல்லை. வெளியே வரலாமா என்று கெய்லா உள்ளிருந்து கேட்கிறாள். இரு என்கிறேன்.